ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போ

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் ஒரு கட்டத்துக்குள் எழுதி, பக்கத்தில் இத்தனை நிமிடம் என்று போட்டுவிட்டால் அது அப்படியே நடந்துவிடும் என்று நம்புவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் (புதுக் கல்யாணம், புது வேலை, தலைக்கனத்தை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை) என் புகுந்த வீட்டுச் சொந்தங்கள் முன்னாலும், ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் முன்னாலும், ஒரு ஆம்புலன்ஸ் முன்னாலும் என் மானம் போயிற்று. அது சம்பிகே ரோட்டில் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. வேலூரிலிருந்து பெங்களூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். வீடு மல்லேஸ்வரம் பதினோராவது கிராஸில், ஆபீஸ் வைட்ஃபீல்டில். இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதுதான் என் குடும்ப வாழ்க்கை. இப்படிப்பட்டவள் மராத்தான் ஓடக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு வேன்.

ஆபீஸுக்குப் பக்கத்தில், நடக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கான ஒரு பயிற்சி இல்லம் இருந்தது. சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் அங்கே போவோம். குழந்தைகளை வீட்டிலிருந்து அழைத்து வர ஒரு பழைய வேன் இருந்தது. பெரும்பாலும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. ஒருநாள் நானும் சேர்ந்து தள்ளினேன். உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் "இன்னும் ஜோரா தள்ளுங்கக்கா" என்று கைதட்டினார்கள். அன்றைக்குப் பயிற்சி நேரம் முழுக்க வண்டி தள்ளுவதிலேயே முடிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பிப் போன அந்தப் பிள்ளைகளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கம்பெனி மேலிடத்தில் உதவி கேட்டோம். வருகிற ஜனவரியில் நடக்கும் தர்ம மராத்தானில் கம்பெனி சார்பாக நான்கு பேர் முழு தூரமும் ஓடினால் புது வேன் வாங்கித் தருகிறோம் என்றார்கள். ஆனால் நான்கு பேரும் அதற்கு முன்பே ஒரு அரை மராத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். (நடுரோட்டில் கம்பெனி பனியனோடு யாராவது மயங்கி விழுந்தால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.) மூன்று பேர் முடித்துவிட்டார்கள். நான்காவது ஆள் நான். ஜனவரிக்கு முன்னால் மிச்சமிருந்த கடைசி அரை மராத்தான் அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்தது. அது நவராத்திரி ஞாயிறு.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ருக்மணி. என் கணவர் முரளி கூப்பிடுவது போலவே நானும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு ரொம்பக் குறைவு. நான் ஓடப் போகிறேன் என்றதும் வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல், மறுநாள் விடிகாலையில் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அன்றிலிருந்து நான் சாங்கி டேங்கைச் சுற்றுவேன், அவர் ஃபிளாஸ்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இனி முடியாது என்று நான் வந்து விழும்போதெல்லாம் "இன்னும் ஒரு சுத்து போயிட்டு வா, காபி ஆறல" என்பார். அவர் என் பயிற்சியாளர் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவருடைய விரல்கள் மடிமேலோ மேஜை விளிம்பிலோ குட்டிக் குட்டியாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். சங்கீதம் தெரிந்தவர், தாளம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கல்யாணமான முதல் நவராத்திரி உமா. வசந்தா சித்தி வீட்டுக்கும் பெரியத்தை வீட்டுக்கும் போய்க் கொலு பார்த்துத் தாம்பூலம் வாங்கிட்டு வந்தாகணும். ரெண்டு பேரும் தினம் போன் பண்றாங்க" என்றார் அம்மா ஒரு ராத்திரி.

சித்தி அம்மாவின் தங்கை. பெரியத்தை என் மாமனாரின் அக்கா, அதாவது அம்மாவின் நாத்தனார். நானோ தினமும் வீடு திரும்புவதே கொலு விளக்கை அணைக்கிற நேரத்தில். யோசித்தேன். உடனே மூளைக்குள் கட்டம் விழுந்தது.

"அம்மா, ஞாயித்துக்கிழமை ஓட்டம் நம்ம சம்பிகே ரோட்லதான் போகுது. சித்தி வீடு பதினேழாவது கிராஸ் முனை. பெரியத்தை வீடு எட்டாவது கிராஸ் முனை. ரெண்டும் போற வழிதானே? வீட்டுக்கு ரெண்டு நிமிஷம். குங்குமம் வாங்கிட்டு ஓடிட்டே இருப்பேன்."

அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "நவராத்திரியில ரெண்டு நிமிஷம்னு ஒண்ணு கிடையாது உமா."

"நான் பேசிட்டேம்மா. எல்லாம் ரெடியா வெச்சிருக்கோம்னு சொல்லியிருக்காங்க."

அம்மாவின் விரல்கள் மேஜை மேல் கொஞ்ச நேரம் துள்ளின. பிறகு போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கப்பன் பார்க் பக்கம் கிளம்பி, சாங்கி டேங்க் ஓரமாக மல்லேஸ்வரத்துக்குள் நுழைகிற வரைக்கும் நான் ஓடிய ஓட்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். நேரம் தாராளமாகக் கையில் இருந்தது. பதினேழாவது கிராஸ் முனையில் வசந்தா சித்தி ஆரத்தித் தட்டோடு நடு ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஓடி வந்த இரண்டு பேருக்கும் தவறுதலாக ஆரத்தி எடுத்துவிட்டிருந்தார்.

"வா வா! உள்ள வா! ஒரு பாட்டு பாடிட்டு வாங்கிக்கோ."

கொலு முன்னால் பாட்டுப் பாட வேண்டும் என்பதை என் கட்டத்தில் எழுதத் தவறிவிட்டேன். பாடினேன். சுருதி சேராதது பழைய கதை, அன்றைக்கு மூச்சே சேரவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நாய் இரைப்பது போல ஒரு சத்தம் வந்தது. பாடி முடித்ததும் சித்தி பெருந்தன்மையாக, "சாரீரம் பரவாயில்ல. கொஞ்சம் இரைப்புதான் ஜாஸ்தி. தூதுவளை சாப்பிடு" என்றார். நெற்றியிலும் வகிட்டிலும் தாராளமாகக் குங்குமம் வைத்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, ஒரு டப்பா சுண்டல் எல்லாம் போட்ட மஞ்சள் பையைக் கையில் மாட்டினார்.

வெளியே வந்தால் எதிர்வீட்டு அம்மாள் தட்டோடு நிற்கிறார். கன்னடக்காரர், எனக்கு முன்பின் தெரியாதவர். "நம்ம மனேகூ பாம்மா, அரிசின குங்குமா தகொண்டு ஹோகு" என்றார். சுமங்கலிக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கக் கூப்பிடும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? (சொல்லலாம் என்பது இப்போது தெரிகிறது.) இன்னொரு சுற்றுக் குங்குமம், இன்னொரு தேங்காய்.

இரண்டு தேங்காயோடு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு அடிக்கும் இரண்டும் மோதிக்கொண்டு 'டொக் டொக்' என்றன. முன்னால் ஓடியவர்கள் குதிரை வண்டிதான் வருகிறது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வெயில் ஏறியிருந்தது, வியர்வை கொட்டியது. இரண்டு வீட்டுக் குங்குமமும் கரைந்து, வகிட்டிலிருந்து நெற்றி, நெற்றியிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து தாடை என்று வழிந்து என் வெள்ளைப் பனியனை நனைத்தது எனக்குத் தெரியாது. ரோட்டோரம் நின்ற ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரிந்தது.

இரண்டு பையன்கள் ஸ்ட்ரெச்சரோடு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள். நான் வேறு யாருக்கோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

"ப்ளட் அல்லா! குங்குமா, குங்குமா!" என்று, இது ரத்தம் இல்லை என்பதை எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கத்தினேன்.

ஒருவன் மற்றவனிடம், தலையில் பலமான அடி, உளறுகிறார் என்று கன்னடத்தில் சொன்னான். இன்னொருவன் என் கண் முன்னால் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் பையிலிருந்து தேங்காயை எடுத்து ஆதாரமாகக் காட்டினேன். அவர்களுடைய சந்தேகம் ஊர்ஜிதமானது. போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்க வந்துவிட்டார். கடைசியில் வண்டிக்குள்ளிருந்து நடுவயது நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்து, மஞ்சள் பையைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் பஞ்சால் என் முகத்தைத் துடைத்து அனுப்பினார். தாராளமாக இருந்த நேரம் இப்போது தட்டுப்பாடாகியிருந்தது.

பதினோராவது கிராஸ் முனையில் அம்மா குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றார். என் பனியனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மஞ்சள் பையை வாங்கிக்கொண்டார்.

"பெரியத்தை வீடு மட்டும்தாம்மா பாக்கி. ரெண்டு நிமிஷம்" என்றேன்.

"சுண்டல் ஏதும் குடுத்தா வாயில போடாதே. ஓடு" என்றார்.

பெரியத்தையைப் பற்றி ஒரு வரியில் சொன்னால், அவர் அங்கே தும்மினால் எங்கள் வீட்டில் எல்லோரும் மாத்திரை போட்டுக்கொள்வோம். அம்மா இந்த வீட்டுக்கு வந்த முப்பது வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்பார்கள். ஒன்பது படிக் கொலு. 'ஓடுகிற மருமகளை'ப் பார்க்க அக்கம்பக்கத்திலிருந்து மூன்று மாமிகளை வேறு வரவழைத்து வைத்திருந்தார்.

அவர் முதலில் பார்த்தது என் காலை. "பேன்ட்டோட தாம்பூலமா? நல்லாருக்கே!"

உள்ளே போய் அரக்குப் பட்டுப் புடவை ஒன்றைக் கொண்டு வந்து, என் ஓட்டப் பேன்ட்டுக்கு மேலேயே சுற்றி, ஊக்கு ஊக்காகக் குத்தினார். நெற்றியில் குங்குமமும் தலையில் கதம்பமும் வைத்தார். கொலு முன்னால் பாயில் உட்கார வைத்தார். கால் நரம்புகள் அந்த நிமிடமே இழுத்துக்கொண்டன. என் இரைப்பு விஷயம் சித்தி போன் மூலம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்ததால், "நீ பாட வேண்டாம்மா, நானே பாடறேன்" என்று ஆரம்பித்தார். அந்தப் பாட்டுக்குச் சரணங்கள் அதிகம்.

ஜன்னல் வழியாக ரோடு தெரிந்தது. வெகு நேரத்துக்கு முன்னால் நான் தாண்டி வந்த தாத்தா ஒருவர் நிதானமாக ஓடிப் போனார். புலி வேஷம் போட்ட ஒருத்தர், புலித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அப்புறம் கடலை கொறித்தபடி ஒரு குடும்பமே நடந்து போனது. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் போனில் சண்டை போடுகிற வாய் என்னுடையது. அந்தப் பாயிலிருந்து எழுந்து "நான் போகணும்" என்று சொல்ல அதற்கு வரவில்லை. வேனைத் தள்ளச் சொல்லிக் கைதட்டிய பிள்ளைகள் ஞாபகம் வந்தது. பட்டுப் புடவைக்குள் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் கட்ட, புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்திப் பரவசம் என்று பக்கத்து மாமி நினைத்துக்கொண்டார்.

அப்போது வாசலில் அம்மா வந்து நின்றார்.

ஓட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள், ஆட்டோ கிடையாது. பதினோராவது கிராஸிலிருந்து எட்டாவது கிராஸ் வரைக்கும் வீட்டுச் செருப்போடு, நூல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியே வந்திருக்கிறார். நான் வெளியே வருகிறேனா என்று முனையிலிருந்தே பார்த்திருக்கிறார், வரவில்லை என்றதும் கிளம்பிவிட்டார். ஒரு கையில் என் மஞ்சள் பை. இன்னொரு கையில் ஒரு வாழைப்பழம். வழியில் நின்ற தொண்டர் யாரோ, இவரும் போட்டியில் ஓடுகிறவர் என்று நினைத்து, "சூப்பர் ஆன்ட்டி!" என்று சொல்லிக் கையில் திணித்தது.

"அக்கா, உமா கிளம்பட்டும்" என்றார் அம்மா, மூச்சு வாங்க.

பெரியத்தை பாட்டை நிறுத்தினார். "என்ன ருக்கு, பாதிப் பாட்டுல? இன்னும் தாம்பூலமே குடுக்கல. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போகட்டும்."

அம்மா செருப்பைக் கழற்றினார். வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கல்யாணமான முதல் நவராத்திரி ஞாபகம் இருக்காக்கா? அன்னிக்கு எனக்கு டைப்ரைட்டிங் சீனியர் கிரேடு பரீட்சை. ஜூனியர் பாஸ் பண்ணியிருந்தேன். அது முடிச்சா செக்ரடேரியட்ல வேலைக்கு எழுதிப் போடலாம்னு இருந்தேன். ஹால் டிக்கெட்டோட இதோ, இந்த வாசப்படியிலதான் நின்னேன். நீங்கதான் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போன்னீங்க."

பெரியத்தை வாசப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கலக்கா."

குரலில் கோபமே இல்லை. உப்பு கம்மி, காபி ஆறிவிட்டது என்று சொல்கிற அதே குரல். மூன்று மாமிகளும் கொலுவில் இருந்த பொம்மைகளைவிட அசையாமல் இருந்தார்கள்.

"இவளுக்குப் பதிலா நான் உட்கார்றேன். எனக்குப் பழக்கம்தானே? மீதிப் பாட்டையும் கேட்டு, தாம்பூலமும் நானே வாங்கிக்கறேன். நீ எழுந்திரு உமா."

அப்போதுதான் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். மடியில் இருந்த வாழைப்பழத்தின் மேல் பத்தும் துள்ளிக்கொண்டிருந்தன. அது தாளம் இல்லை. அம்மா டைப் அடித்துக்கொண்டிருந்தார். யார் பேசினாலும், இந்த முப்பது வருஷமும், டைப் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் எழுந்தேன். பெரியத்தை என்னைத் தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அசையாதே, குத்திடப் போகுது" என்றார். புடவை முழுவதும் அவிழ்ந்ததும் கொலுத் தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில் வைத்தார். "வெறுங்கையோட அனுப்பக் கூடாது. ஓடு."

ஓடினேன். அதுபோல அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடவில்லை. தலையில் கதம்பம், கையில் தேங்காய், முகம் முழுக்க மூன்றாவது வீட்டுக் குங்குமமும் கண்ணீரும். இந்த முறை, முன்னால் போய் நின்றிருந்த ஆம்புலன்ஸ்காரர்கள் தூரத்திலிருந்தே கையாட்டினார்கள். கடலை கொறித்த குடும்பத்தைத் தாண்டினேன், புலியைத் தாண்டினேன். தாத்தாவை மட்டும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

முடிவுக் கோட்டில் ஒருவர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். மேலே கடிகாரம் இன்னும் மூன்று மணி நேரத்தைத் தொடவில்லை. தேங்காயும் பூவுமாக வந்தவளைப் பார்த்து அவர், "பூஜையெல்லாம் காலையிலேயே ஆயிடுச்சு மேடம்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பி நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைக் காட்டியபடி கோட்டைத் தாண்டி விழுந்தேன். காமிராவோடு காத்திருந்த முரளி அந்தச் சமயம் பார்த்து ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் நாங்கள் நான்கு பேரும் முழு மராத்தானையும் முடித்தோம். (நான் முடித்தபோது மற்ற மூவரும் சாப்பிட்டுவிட்டிருந்தார்கள்.) வேன் வந்தது. முதல் நாள் அந்தப் பிள்ளைகள் இறங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அம்மாவும் வந்திருந்தார், அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனார்கள்.

அதன் பிறகு ஒருநாள் அம்மா மாமனாரிடம் யோசனையெல்லாம் கேட்காமல், "சாயங்காலத்துல எனக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் இருக்கு, காபியை நீங்களே சூடு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முதல் நாள் வகுப்பில், கீபோர்டைப் பார்க்காமலேயே அவர் அடித்த வேகத்தைப் பார்த்து வாத்தியார் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். இன்றைக்கு அந்த இல்லத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவர் கையில்தான். மூன்று மணி நேரத்தில் ஒரு தூரத்தை ஓடி முடித்ததற்கே நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். முப்பது வருஷம் விரல்களைத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருந்தவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அவரைப் பார்த்து எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அடுத்த நவராத்திரி. ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கொலு முன்னால் பெரியத்தை உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். "ருக்மணி எங்கே?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "கிளாஸுக்குப் போயிருக்கா. வர்றப்போ வருவா" என்றார். கீழ்ப்படியில் புதிதாக ஒரு பொம்மை. கிரிக்கெட் செட்டிலிருந்து ஓடுகிற ஆட்டக்காரனை எடுத்து, மட்டையை உடைத்துவிட்டு, ரவிக்கைத் துணியில் புடவை சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து, பெரியத்தையே செய்து கொண்டு வந்தது.

எங்கள் எதிர்வீட்டு மாமி அதைப் பார்த்துச் சிரித்தார். "உமாதானே இது? அப்படியே இருக்கு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து பார்த்தேன்.

"உமாவா?" என்றார் பெரியத்தை. "அவ கையில தேங்காய் இல்ல இருந்துச்சு? இதுல பாருங்க, வாழைப்பழம். இது ருக்கு. பரீட்சைக்கு ஓடுறா."